கழுநீர் குடித்த மாடு

சோதனைத் தாள் நீலமாக மாறியதும் நவநீதன் முதலில் தாளைத்தான் சந்தேகப்பட்டான். இன்னொரு தாளை எடுத்து இன்னொரு சொட்டு விட்டான். அதுவும் நீலம். பெட்டியே வெயிலில் கெட்டுப்போயிருக்கும் என்று வண்டிக்குப் போய்ப் புதுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டு வந்தான். மயிலைப் பசு அசையாமல் நின்று காம்பைத் தொடவிட்டது. நிறைசினை மாட்டின் காம்பில் கசியும் தேன்நிறத் துளி, புதுத் தாளையும் நீலமாக்கியது.

"என்னாச்சுங் டாக்டரு? மாட்டுக்கு ஏதாச்சும் சீக்குங்களா?" என்று கேட்டாள் மேனகா. மாடு அவளுடையது. ஐம்பது வயதுக்காரி, தனியாள். அந்த வீதியில் மாடு வைத்திருக்கும் ஒரே வீடும் அவளுடையதுதான்.

"சீக்கு இல்லக்கா" என்றான் நவநீதன். "சீக்குக்கு மருந்து. இந்தத் தாலுகா முழுக்கத் தேடிட்டேன். எல்லாத் தாளும் வெள்ளையா கெடக்கு. உங்க மாடு ஒண்ணுதான் நீலம் காட்டுது."

அரசாங்கம் அந்த நோய்க்கு 'உலர்நோய்' என்று பெயர் வைத்திருந்தது. மக்கள் 'வத்தல் சீக்கு' என்றார்கள். மக்கள் வைத்த பெயர்தான் பொருத்தம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் குடலைப் பிடிக்கும் வைரஸ் அது. குடித்ததெல்லாம் வெளியே போய், தளதளவென்று இருந்த பிள்ளை சில நாட்களில் வெயிலில் போட்ட வத்தலைப் போலச் சுருங்கிவிடும். கைக்குழந்தைகளின் உடம்பில் எந்தத் தடுப்பூசியும் நிற்கவில்லை. அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான் மாட்டை நினைத்தார். சினை மாட்டுக்குக் கடைசி மாதங்களில், செத்த வைரஸை ஊசியாகப் போடு. மாட்டின் உடம்பு அதை எதிரி என்று நினைத்து எதிர்ப்பொருளை உண்டாக்கும். கன்று போடுவதற்குச் சற்று முன்னால் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளெல்லாம் மடிக்கு இறங்கிவிடும். அந்தச் சீம்பாலைச் சூடு படாமல் பொடியாக்கிக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்தால், அது குடலில் உட்கார்ந்து வைரஸைப் பிடித்துக்கொள்ளும். 'முதல்பால் திட்டம்' என்று இதற்குப் பெயர். நன்றாகத்தான் நடந்தது. பல வருடங்களாக வத்தல் சீக்கில் குழந்தை செத்தது என்ற பேச்சே இல்லாமல் இருந்தது.

இந்தக் கோடையில் வைரஸ் முகத்தை மாற்றிக்கொண்டது. பொடி வேலை செய்யவில்லை. புது முகத்துக்கு ஊசி தயாராகி, அதை மாடுகளுக்குப் போட்டு, அவை கன்று போட்டுப் பால் கறப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். அதுவரை என்ன செய்வது என்று மேலிடத்துக்குத் தெரியவில்லை. தெரியாதபோது மேலிடம் வழக்கமாகச் செய்வதைச் செய்தது. எல்லாச் சினை மாடுகளையும் சோதனை போடச் சொல்லிக் கீழே உத்தரவு அனுப்பியது. ஏதாவது ஒரு மாட்டுக்குத் தற்செயலாகப் புது முகம் தெரிந்திருக்காதா என்ற நப்பாசை. கால்நடை மருத்துவர்கள் சிரித்துக்கொண்டேதான் வேலையைத் தொடங்கினார்கள்.

நவநீதன் இப்போது சிரிக்கவில்லை. "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. இந்த மாட்டுக்கு என்ன குடுத்தீங்க?"

"நானென்னத்தக் குடுக்கறதுங்? நீங்க சொன்ன தீவனம், நீங்க சொன்ன தண்ணி. அந்தா பாருங், சர்க்காரு தொட்டி."

சர்க்கார் தொட்டி என்பது திட்டம் கொடுத்த வெள்ளைத் தொட்டி. மாடு எத்தனை வாய் குடிக்கிறது, தண்ணீர் சுத்தமா இல்லையா என்று அதுவே அலுவலகத்துக்குச் சேதி அனுப்பும். மேனகாவின் தொட்டியிலிருந்து ஒரு நாளும் தப்பான சேதி வந்ததில்லை. அவள் பேரில் பாராட்டுச் சான்றிதழ்கூட உண்டு.

அவன் அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தபோதே, கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் வாளி. "அக்கோவ், கழனித்தண்ணி" என்று பாதி சொல்லும்போதே டாக்டரைப் பார்த்துவிட்டாள். வாளியை மறைக்க இடமில்லாமல் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். தண்ணீர் தளும்பி அவள் காலிலேயே கொட்டியது.

"போச்சு" என்றாள் மேனகா.

வைக்கோல் போருக்குப் பின்னால் வாயகன்ற பழைய அண்டா ஒன்று இருந்தது. மேலே பலகை போட்டு மூடி வைத்திருந்தாள். அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், பாத்திரம் அலசிய நீர் என்று வீதியின் அத்தனை சமையலறையும் அதில் இருந்தது.

மாடு இல்லாத வீட்டுக்காரர்கள் கழுநீரைச் சாக்கடையில் விடமாட்டார்கள். மாட்டுக்காரி வீட்டுக்கு அனுப்புவார்கள். மாடு கன்று போட்டால் மாட்டுக்காரி அந்த வீடுகளுக்கெல்லாம் சீம்பால் அனுப்புவாள். யாரும் எழுதி வைத்த ஏற்பாடில்லை. ஆனால் அதை மீறினால் வீதியில் தலைகாட்ட முடியாது. திட்டம் வந்த பிறகு இரண்டுக்கும் தடை. கழுநீர் குடித்த மாட்டின் பால் திட்டத்துக்கு ஆகாது. சீம்பாலை வீதிக்குக் கொடுக்கவும் கூடாது. மேனகா சீம்பாலைத் திட்டத்துக்குத் தந்துவிட்டாள். கழுநீரை நிறுத்த மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

"எப்புடிங் சொல்றது?" என்றாள். "காலங்காலமா கொண்டாந்து ஊத்துனவங்க. இனிமே உங்கூட்டுத் தண்ணி என்ற மாட்டுக்கு ஆகாதுன்னா, மூஞ்சில துப்புன மாதிரி இருக்காதுங்களா? வாங்கி ஊத்துவேன், மாடு குடிக்கும். அதுக்கும் அதுதான் இஷ்டம். சர்க்காரு தண்ணி சப்புன்னு இருக்குதில்லீங்."

நவநீதனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் மனம் வேறொரு கணக்கில் இருந்தது. "வத்தல் சீக்கு வந்த வீட்டுத் தண்ணியும் இதுல வந்துச்சா?"

மேனகா மாட்டின் முதுகைத் தடவினாள்.

"ஷமீமா வீட்டுதுங்க. தள்ளி நாலு வீடு. ஹனா குட்டிக்கு முடியாமப் போச்சு பாருங், கோடை ஆரம்பத்துல. குழந்தை கஞ்சிய ஒரு வாய் குடிக்கும், மீதிய வேண்டாமுங்கும். சுகாதாரத்துக்காரங்க, மிச்சத்துக்கெல்லாம் மருந்துப்பொடி போட்டுக் குழி தோண்டிப் பொதைக்கச் சொல்லியிருக்காங்க. சோத்தக் குழியில போட அவளுக்கு மனசு வரல. மாடு குடிச்சா வீணாப் போவாதுன்னு இங்க கொண்டாந்து ஊத்துனா. புள்ள போற வரைக்கும் ஊத்துனா." "நாந்தான் ஊத்தச் சொன்னேன். அவ மேல ஒண்ணும் எழுதிப்போடாதீங்க."

அவன் எழுதுகிற நிலையில் இல்லை. மயிலைக்கு நோயின் பழைய முகத்தை ஊசி காட்டிக் கொடுத்திருந்தது. புது முகத்தை அந்தக் குழந்தை மிச்சம் வைத்த கஞ்சி காட்டிக் கொடுத்திருக்கிறது. இத்தனை மாடுகளுக்குச் சுத்தமான தண்ணீர் கொடுத்துச் சுத்தமான பாலை வாங்கிக்கொண்டிருந்தோம், அதனால்தான் ஒன்றுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"ஷமீமா இப்ப எங்க?"

"டவுனு ஆஸ்பத்திரிலதாங்க. சின்னவன் ரயானுக்கும் வந்துருச்சு. எட்டு மாசந்தான் ஆகுது. ரெண்டு நாளா டிரிப்ஸ்லயே கெடக்கறான்."

மாடு இன்றோ நாளையோ கன்று போட்டுவிடும். மடி கனத்துத் தொங்கியது. நவநீதன் அங்கேயே நின்று இணை இயக்குநர் சஹானாவை அழைத்தான். பதற்றத்தில் ஒலியைக் குறைக்கக்கூடத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். "கழுநீர் குடிச்ச மாடா?"

"ஆமா மேடம். ஆனா தாள் நல்லா நீலம் காட்டுது. நம்ம ஆலைக்கு அனுப்பினா..."

"ஆலை வாசல்லயே அது வரக் கூடாது. ஒரு வீதியோட எச்சில் பூரா அந்த மாட்டுக்குள்ள போயிருக்கு. பால்ல என்னென்ன கிருமி இருக்கோ யாருக்குத் தெரியும்? சூடு காட்டாமப் பொடி பண்ற ஆலை நவநீதன் அது. ஒரு கெட்ட பால் போனா மொத்த இயந்திரமும் தீட்டு."

"குழந்தைங்க செத்துக்கிட்டு இருக்காங்க மேடம்."

மறுமுனையில் இப்போது வந்த குரலில் அதிகாரம் இல்லை, அயர்ச்சி இருந்தது. "திட்டம் ஆரம்பிச்ச வருஷம் ஒரு தொகுதி கெட்டுப்போச்சு. கழுநீர் மாடுதான். பொடி சாப்பிட்ட குழந்தைங்களுக்கு வேற காய்ச்சல் வந்துச்சு. மீதிப் பொட்டலங்களை வார்டு வார்டா போய்த் திருப்பி வாங்கினது நான். அந்தத் தாயாருங்க மூஞ்சி எனக்கு இன்னும் மறக்கல. கன்னு போட்டதும் பாலைக் கறந்து குழியில ஊத்திச் சுண்ணாம்பு போடுங்க. இது உத்தரவு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நவநீதனுக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. எதிரில் நிற்பவர் அயோக்கியராக இருந்தால் மனிதனுக்கு எவ்வளவு வசதி!

"அக்கா, நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசிட்டு வரேன். இடையில கன்னு போட்டுட்டா எனக்குச் சொல்லுங்க. பாலை யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்தான். அவசரத்தில் இன்னொரு வாக்கியத்தை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அவனைப் போன்ற படிப்புப் படித்தவர்களுக்கு அது மூச்சு விடுவதுபோலத் தெரிந்த விஷயம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பேச்சு எளிதாக முடியவில்லை. குழந்தைகள் வார்டு டாக்டர், மாட்டு டாக்டரின் யோசனையைக் கேட்டுவிட்டு, "என்னால எழுதித் தர முடியாது. எங்கிட்ட வேற மருந்தும் கெடையாது" என்று சொல்லி, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஷமீமா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. அவள் புருஷன் பணம் புரட்டத் திருப்பூருக்குப் போயிருந்தான். கட்டிலில் ரயான் கண்ணைப் பாதி மூடிக் கிடந்தான். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. அழுகைகூடக் கண்ணீரில்லாமல் முனகலாக வந்தது. நவநீதன் மறுநாள் காலை மறுபடியும் வந்து, அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"மேனகாக்கா மாட்டுப் பால்ல இதுக்கு மருந்து இருக்கும்மா. ஆனா அதுல வேற கிருமியும் இருக்கலாம். ரெண்டையும் மறைக்காமச் சொல்றேன். நான் மாட்டுக்கு வைத்தியம் பாக்கறவன். உங்க புள்ளைக்குக் குடுங்கன்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல."

"அந்த மாட்டுக்கு எப்படிங்க இந்தச் சீக்கு தெரியும்?" என்று கேட்டாள் ஷமீமா.

அவன் தயங்கினான். பிறகு சொன்னான். ஹனாவின் கஞ்சி, கழுநீர் வாளி, அண்டா எல்லாவற்றையும் சொன்னான். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை.

"ஒவ்வொரு தடவையும் அவ பாதி குடிச்சிட்டுத் தட்டி விடுவாங்க" என்றாள். "நான் திட்டுவேன். ஏண்டி வீணாக்கறேன்னு ஒரு நா முதுகுல அடிச்சுக்கூட இருக்கேன். அது வீணாப் போகலைன்னு சொல்றீங்க."

"வீணாப் போகல."

"அப்ப அது இவனுக்குச் சேர வேண்டியதுதான். கிருமி இருந்தா இருந்துட்டுப் போகட்டுங்க. இப்ப மட்டும் என்ன வாழுது?"

அவர்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்டு வாசலில் மேனகா வந்து நின்றாள். சேலை கசங்கியிருந்தது, தலை வாரியிருக்கவில்லை. முகத்தில் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம். கையில் பெரிய தூக்குப்போசி.

"விடியால கன்னு போட்டுருச்சுங்க. காளைக்கன்னு. உங்களுக்குப் போன் போட்டேன், போகல. நேரத்தக் கடத்துனா ஆகாதுன்னு நானே கறந்து எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன். நீங்க ஒண்ணும் பயப்படாதீங் டாக்டரு. அந்தம்மா போன்ல கிருமி கிருமின்னு சொன்னாங்கல்ல, நானுங் கேட்டுட்டுத்தான் இருந்தேன். அடுப்புல வெச்சு மூணு பொங்கு பொங்க விட்டுட்டேன். ஒரு கிருமி இருக்காது."

தூக்குப்போசியைத் திறந்தாள். உள்ளே சீம்பால் கட்டியாகத் திரண்டு, கருப்பட்டியின் நிறத்தில் பளபளத்தது. ஏலக்காய் வாசனை வார்டெல்லாம் பரவியது. குழந்தைக்குப் பச்சைப் பால் கொடுக்கிற தாய் இந்தச் சீமையில் கிடையாது. அதுவும் கிருமி இருக்கிறது என்று காதால் கேட்ட பிறகு காய்ச்சாமல் கொடுப்பாளா? அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. அக்கறையாக, முழு மனசாக, கொஞ்சமும் மிச்சமில்லாமல் அதைக் காய்ச்சியிருந்தாள்.

நவநீதன் முகத்தைப் பார்த்தே மேனகாவுக்கு ஏதோ புரிந்தது.

"ஏனுங்? கருப்பட்டி ஆகாதுங்களா?"

"சூடு ஆகாதுக்கா" என்றான் அவன். "காய்ச்சினா கிருமியும் சாகும். மருந்தும் செத்துப்போகும்."

மேனகா தூக்குப்போசியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். "இத நீங்க சொல்லலியே சாமி. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு அவள் தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். ஷமீமாதான் எழுந்துவந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அழாத. மடியில இனிப் பாலே வராதா? கேளுக்கா."

வரும். நவநீதனுக்கும் அந்தக் கேள்விதான் நினைவைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டாம் கறவையில் மருந்து பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அதற்கடுத்த கறவையில் இன்னும் குறையும், அப்புறம் வெறும் பால்தான். "சாயங்காலம் கறக்கலாம். ஆனா அதுவரைக்கும் கன்னு ஊட்டக் கூடாது. காலையில கன்னுக்கு எவ்வளவு விட்டீங்க?"

"மடி எறங்கறதுக்கு ரெண்டு வாய் விட்டேனுங். மிச்சம் பூரா கறந்துட்டேன். சாயந்தரம் வயிறு முட்ட விட்டுக்கலாம்னு நெனச்சேன்."

அதற்கு என்ன பொருள் என்று மாடு வளர்க்கிறவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த அன்றைக்குச் சீம்பால் கிடைக்காத கன்று நிற்காது. காங்கேயம் மாட்டுக்குப் பால் அதிகமில்லை. குழந்தைக்கும் கன்றுக்கும் பங்கு போட்டால் இருவருக்கும் பத்தாது. திட்ட மாட்டின் கன்றுக்கு மாற்றுச் சீம்பால் கொடுப்பார்கள். இந்த மாடோ இப்போது திட்டத்துக்கே ஆகாத மாடு.

"நீங்க முடிவு பண்ணுங்கக்கா. மாடு உங்களுது" என்றான் நவநீதன். சொல்லும்போதே அந்த வார்த்தை அவனுக்குக் கசந்தது.

மேனகா ரயானைப் பார்த்தாள். ஷமீமாவைப் பார்க்கவில்லை. "இதுல முடிவு பண்ண என்ன இருக்குதுங்? வண்டிய எடுங்க" என்றாள்.

சாயங்காலம் அவள் கன்றைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் கட்டினாள். அது இன்னும் சரியாக நிற்கப் பழகவில்லை. உள்ளேயிருந்து கத்தியது. தாய் கட்டுத்தரையில் கயிற்றை இழுத்துக்கொண்டு பதில் கத்தியது. மேனகா மடியைக் கழுவி, துடைத்து, நவநீதன் கொதிநீரில் அலசி ஆறவைத்துக் கொடுத்த பாத்திரத்தில் கறந்தாள். கன்று இல்லாமல் மடி இறங்க மாட்டேன் என்றது. அவள் மாட்டின் காதருகே என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். சிறிது சிறிதாக இறங்கியது. கடைசிச் சொட்டுவரை கறந்துவிட்டு எழுந்தபோது அவளால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. கன்றுக்கு வெந்நீரில் கடையில் வாங்கிய பாலைக் கலந்து, விரலைச் சப்பக் கொடுத்துக் குடிக்க வைத்தாள். அதைத் தவிர அவளிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஷமீமா 'பிஸ்மில்லா' சொல்லி முதல் சங்கைப் பச்சையாகப் புகட்டினாள். வார்டு டாக்டர் அந்நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிப் போன் பேசிக்கொண்டிருந்தார். ரயான் பாதியைத் துப்பினான். அவள் திட்டவில்லை. கன்னத்தில் வழிந்ததை விரலால் வழித்து மறுபடி வாயில் விட்டாள். மீதமிருந்ததைப் பக்கத்துக் கட்டில் குழந்தைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னவளும் அவள்தான். அந்தத் தாய்களிடம் நவநீதன் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். ஒருத்தி வேண்டாம் என்று சொல்லிக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மற்றவர்கள் சங்கை நீட்டினார்கள்.

இரவில் போக்கு குறைந்தது. மறுநாள் ரயான் சிறுநீர் கழித்தான். ஷமீமா நனைந்த துணியைத் தூக்கிக்கொண்டு வார்டு முழுக்க எல்லோருக்கும் காட்டினாள். பால் குடித்த மற்றக் குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் வேறு காய்ச்சல் கண்டது. அது அந்தப் பாலால் வந்ததா, ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நவநீதன் அந்தக் கட்டிலை விட்டு நகராமல் இருந்தான். காய்ச்சல் தணிகிறவரை சஹானா மேடத்தின் அயர்ந்த குரல்தான் அவன் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மேனகாவின் காளைக்கன்று அந்த வாரம் தாண்டவில்லை. கழிச்சல் கண்டு படுத்தது, எழவில்லை. நவநீதன் ஊசிகள் போட்டான், பக்கத்து ஊர்களில் சீம்பால் தேடி அலைந்தான். எல்லாம் திட்ட மாடுகள். பாலை மொத்தமாக ஆலை எடுத்துக்கொண்டு போயிருந்தது. கன்று போன பிறகு மயிலை பாலை இறக்கவே இல்லை. இந்த ஈற்றில் இனி ஒரு சொட்டு கிடையாது. "போச்சாதுங்க, போனது போகட்டும்" என்றாள் மேனகா. அதற்கு மேல் அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. ஆனால் மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதெல்லாம் அதன் கண்ணைப் பார்க்காமல் வைப்பதை அவன் கவனித்தான்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. எந்த உத்தரவும் இவ்வளவு வேகமாகப் பரவியதில்லை. கூடவே உத்தரவும் வந்து சேர்ந்தது. மயிலையைத் திட்டத்திலிருந்து நீக்க வேண்டும். காதில் இருக்கும் வில்லையைக் கழற்ற வேண்டும். அந்த அண்டாவைக் கவிழ்த்து மருந்து போட்டு அப்புறப்படுத்த வேண்டும். நவநீதனுக்கு வேறு தண்டனை இல்லை என்பதே சஹானா மேடம் அவனுக்குச் செய்த உபகாரம். போனில் அவர் கடைசியாக, "அந்தக் குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கான் மேடம்." "சரி. அண்டாவை எடுத்துடுங்க" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவன் ஆளோடும் மருந்தோடும் போனபோது மேனகாவின் வீட்டு வாசலில் பெண்கள் நின்றார்கள். வீதிக்காரர்கள் இல்லை. பஸ் பிடித்து வந்தவர்கள். மூலனூர், கன்னிவாடி, இன்னும் அப்பால் எங்கெங்கோ. ஒவ்வொருத்தி கையிலும் ஏதோ ஒரு பாத்திரம், மூடி போட்டு, துணி சுற்றி, சிந்தாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்த பாத்திரம். பால் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். பால் வற்றிவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று வார்த்தையைத் தேடினான்.

"பாலு இல்லீங்கறது எங்களுக்குத் தெரியுமுங்க" என்றாள் முன்னால் நின்றவள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். "அந்தக்கா சொன்னாங்க."

"அப்ப இது என்னம்மா?"

"கழனித்தண்ணிங்க. பையன் குடிச்ச கஞ்சி மிச்சம், டம்ளரு கழுவுன தண்ணி."

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் பயந்துபோனான். நோய்க் கிருமியைச் சொம்பில் நிரப்பிப் பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார்கள். "இதெல்லாம் ரொம்ப ஆபத்தும்மா. வழியில எங்கயாவது சிந்தியிருந்தா? இந்த மாடு மறுபடி சினை பிடிச்சுக் கன்னு போட ஒரு வருஷம் ஆகும். அதுக்கு முன்னாடி உங்க புள்ளைக்கு இதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. உங்க பையன் எந்த வார்டுல இருக்கான்? நான் வந்து டாக்டர்கிட்டப் பேசறேன்."

"வார்டுல இல்லீங்க. முந்தாநேத்துத் தவறிட்டான்."

அவள் அதைச் சத்தமில்லாமல் சொன்னாள். பின்னால் நின்ற பெண்கள் யாரும் திடுக்கிடவில்லை. அவர்களில் எத்தனை பேர் அதையே சொல்லப் போகிறார்கள் என்று அவனுக்குத் திடீரென்று தோன்றியது. கேட்கத் தைரியம் வரவில்லை.

"அப்புறம் ஏம்மா இதைச் சுமந்துக்கிட்டு வந்தீங்க?"

அந்தப் பெண் சொம்பின் மூடியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். "எங்க ஊருச் சீக்கும் இந்த மாட்டுக்குத் தெரிஞ்சு வெச்சுக்கட்டுமுங்க" என்றாள். "அடுத்து ஆரு புள்ளைக்காச்சும் ஆகுமில்லீங்."

மேனகா திண்டாட்டத்தோடு டாக்டரைப் பார்த்தாள். அவன் கூட்டிவந்த ஆள் அண்டாவைக் கவிழ்க்கக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். நவநீதன் அவனைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னான். பிறகு வைக்கோல் போருக்குப் பின்னால் போய், அண்டாவின் மேலிருந்த பலகையை எடுத்துப் பிடித்துக்கொண்டான். அந்தப் பெண் சொம்பைச் சாய்த்து ஊற்றினாள். ஊற்றிய பிறகும் அவள் திரும்பவில்லை. மேனகாவிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கி, சொம்பின் உள்ளே ஒட்டியிருந்ததையும் விரலால் தேய்த்து அலசி, அதையும் ஊற்றினாள்.